அறுபத்தோராவது யூனிட்

ஸ்மார்ட் மீட்டரை ஆதரிப்பவர்கள் முதலில் எடுப்பது நேரக் கணக்கைத்தான். எந்த மணிக்கு எவ்வளவு கரண்ட் எரிகிறது என்று மீட்டரே குறித்துக்கொள்ளும், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கூடுதல் விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை குறைந்த விலை. வேலைகளை மலிவான நேரத்துக்குத் தள்ளிப்போட்டால் பில் குறையும் என்பார்கள். கொழும்பில் ஏசியும் வாட்டர் ஹீட்டரும் ஓடுகிற வீட்டுக்கு இது நியாயமான பேச்சு. ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், வயரிங் வேலை பார்க்கிற எங்களுக்கு இது வேறு யாருக்கோ சொல்வதுபோல் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கட்டணம் உயரும்வரை இருந்த பட்டியலையே எடுத்துக்கொள்வோம். நேரத்துக்கு நேரம் விலை மாறும் வீட்டுக் கட்டணத்தில் மிக மலிவான நள்ளிரவு யூனிட் 13 ரூபாய். மாத நிலையான கட்டணம் 540 ரூபாய். அதே காலத்தில் மாதம் 30 யூனிட்டுக்குள் எரித்த வீடு யூனிட்டுக்கு 2 ரூபாய் 50 சதம் கட்டியது. நிலையான கட்டணம் 30 ரூபாய். பணக்கார வீட்டின் மலிவு நேரம், லயத்து வீட்டின் சாதாரண நேரத்தைவிட ஐந்து மடங்கு விலை. அதன்பின் விலைகள் ஏறி இறங்கின. ஆனால் அந்தப் பட்டியலின் கணக்கில் நேரக் கட்டணத்துக்கு மாறுவதால் தோட்டத்து வீட்டுக்கு நயாபைசா மிச்சமில்லை.

விலை ஒருபுறமிருக்க, தள்ளிப்போட நேரமும் வேண்டுமே. பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போகவேண்டிய வீட்டில் விடியுமுன்பே சமையல் முடிந்தாக வேண்டும். மாலையில் கொழுந்து நிறுத்து, பிள்ளை மடுவத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, விறகு அடுக்கி, தண்ணீர் பிடித்து நிமிரும்போது உச்ச வேளை தொடங்கிவிடும். அரிசியை இரவு பத்தரைக்குப் போடு என்று எந்த வீட்டுக்கும் சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், காலைச் சமையல் எப்போதுமே ஐந்தரைக்கு முந்திய மலிவு நேரத்தில்தான் நடந்துவருகிறது. அதற்காக யாரும் சலுகை தந்ததில்லை.

அப்படியானால் இந்த மீட்டர் மலையகத்துக்கு வேண்டாமா? வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் வேறு காரணத்துக்காக. நம் வீட்டுக் கட்டணம் சரிவாக ஏறுவதில்லை, படியாக ஏறுகிறது. அதிலே ஒரு படி, விகிதத்தில் பார்த்தால், மற்றவற்றைவிட உயரம்: 60 யூனிட். 2025 ஜனவரியில் குறைக்கப்பட்ட கட்டணப்படி 60 யூனிட் எரித்த வீட்டுக்கு முதல் 30 யூனிட்டுக்கு 4 ரூபாய் வீதம் 120, அடுத்த 30க்கு 6 ரூபாய் வீதம் 180, நிலையான கட்டணம் 200. மொத்தம் 500 ரூபாய். இன்னும் ஒரே ஒரு யூனிட் எரிந்துவிட்டால் வீடு வேறு பிரிவுக்குப் போய்விடுகிறது. முதல் 60 யூனிட்டுக்கும் 11 ரூபாய் வீதம் 660, அந்த ஒரு யூனிட்டுக்கு 14, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,074. அந்த அறுபத்தோராவது யூனிட்டின் உண்மை விலை 574 ரூபாய். அப்போது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அரை நாள் உழைப்புக்குக் கொஞ்சம் குறைவு. இது ஒரு வருடத்துக் கோளாறும் அல்ல. 2022க்கு முந்திய பழைய பட்டியலிலும் 60 யூனிட் 280 ரூபாய் 50 சதம், 61 யூனிட் 571 ரூபாய். அரசுகள் மாறின, விலைகள் மாறின, இந்தப் படி மட்டும் போகவில்லை. ஏசி வீட்டுக்காரருக்கு ஒரு யூனிட் கூடினால் ஒரு யூனிட்டின் காசுதான். லயத்து வீடுகளோ பெரும்பாலும் இந்தப் படியை ஒட்டியேதான் ஓடுகின்றன. எவ்வளவு எரிந்திருக்கிறது என்பதை மாதம் முடியுமுன் தெரிந்துகொள்வதால் யாருக்கு அதிக லாபம் என்று கேட்டால், இந்த வீட்டுக்குத்தான்.

ஒன்றிரண்டு யூனிட் எங்கிருந்து வருகிறது என்பது எங்கள் தொழிலில் தினப்படிக் கேள்வி. 1,500 வோட் கேத்தல் ஒரு தடவை பத்து நிமிடம் கொதித்தால் கால் யூனிட். காலையும் மாலையும் வைத்தால் மாதத்துக்கு 15 யூனிட். மழைக்காலத்தில் துணி காயாது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையை அயன் பெட்டியால்தான் உலர்த்தியாக வேண்டும். 1,000 வோட் பெட்டி அரை மணி நேரம் விடாமல் கரண்ட் எடுத்தால் அரை யூனிட்; பள்ளி நாட்களைக் கணக்கிட்டால் மாதம் பத்துக்கு மேல். இவை கண்ணுக்குத் தெரிகிற செலவுகள். தெரியாத செலவு சுவரில் இருக்கிறது. தகரக் கூரை ஒழுகி, ஈரம் ஊறிய சுவரில் பழைய வயர் போகிற இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் கசியும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் விழும் வகையானால், 15 மில்லி அம்பியர் கசிவை அது கண்டுகொள்ளாது. அதுவே 230 வோல்ட்டில் மூன்றரை வோட். இரவு பகலாக ஓடினால் மாதம் இரண்டரை யூனிட். கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு. மெயினைப் போட்டபடி விட்டு, வீட்டில் உள்ள அத்தனை சுவிட்சுகளையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்ப்பது. மீட்டர் முகத்தில் 1600 என்று அச்சிட்டிருந்தால், அந்த விளக்கு 1,600 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். 100 வோட் எரியும்போது இருபத்திரண்டரை விநாடிக்கு ஒரு சிமிட்டல். எல்லாம் அணைத்த பிறகும் பத்துப் பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டினால் சுவர் தின்கிறது என்று பொருள். இப்படி மீட்டர் முன் உட்கார யாருக்கு நேரம்? அரை மணிக்கொரு தடவை கணக்கு வைக்கும் மீட்டரோ, வீடே தூங்கும் இரண்டு மணிக்கு எவ்வளவு போனது என்பதை எழுத்தில் வைத்திருக்கும். வயரிங்காரனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

புது மீட்டர் வேகமாக ஓடும் என்ற புகாரை இங்கேதான் பேச வேண்டும். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது தவறு. சுழலும் தட்டு வைத்த பழைய மீட்டர், வயதானால் உராய்வில் மெதுவாகும். மிகச் சிறிய கரண்டுக்குத் தட்டு அசையவே அசையாது. மேலே சொன்ன மூன்றரை வோட்டைப் பல பழைய மீட்டர்கள் விட்டுக்கொடுத்து வந்தன. மின்னணு மீட்டர் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆக, மீட்டர் மாற்றியதும் பில் கூடினால், மீட்டர் பொய் சொல்வதாக இல்லாமல் பழையது தாராளமாக இருந்ததாகவும் இருக்கலாம். ஆனால் அதை வீட்டுக்காரர் நம்ப வேண்டும் என்றால் காட்ட வேண்டும். 2024இல் குஜராத்தின் வடோதராவில் மக்கள் ஸ்மார்ட் மீட்டரை எதிர்த்துத் தெருவுக்கு வந்தபின், பழைய மீட்டரையும் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட்டுக் காட்டும் ஏற்பாட்டுக்கு நிர்வாகம் இறங்கிவந்தது. முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஒரு லயத்துக்கு ஓரிரு வீட்டில் இரண்டு மாதம் இரண்டு மீட்டரையும் ஓடவிட்டால், மிச்ச வீடுகளுக்கு யாரும் போய் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இன்னும் பலமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 60 யூனிட்டைக் காப்பதற்கு ஸ்மார்ட் மீட்டர் எதற்கு, சோக்கட்டி போதாதா? மீட்டர் காட்டுவது ஆரம்பம் முதல் எரிந்த மொத்தக் கணக்கு. போன பில்லில் இருக்கிற கடைசி வாசிப்போடு 60ஐக் கூட்டி இஸ்தோப்புச் சுவரில் எழுதிவிட்டால், அந்த எண்ணைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். உண்மைதான், சொல்லிக்கொடுத்தால் செய்கிற வீடுகளும் இருக்கின்றன. ஆனால் வாசிப்பவர் சரியாக முப்பதாவது நாள் வருவதில்லை. மழை, மண்சரிவு, விடுமுறை என்று ஐந்தாறு நாள் முந்தும் பிந்தும். பில்லோ நாட்கணக்கின்படி போடப்படுவது. 60 என்ற எல்லை நாளுக்கு 2 யூனிட் வீதம் நீளும், சுருங்கும். 25ஆம் நாளே ஆள் வந்தால் எல்லை 50. சுவரில் 60ஐ எழுதி, 54இல் நிம்மதியாக இருந்த வீடு படி ஏறியிருக்கும். தூரத்திலிருந்தே வாசிக்கும் மீட்டரில் தேதி நிலையாக இருக்கும். நாளுக்கு இரண்டு என்ற கணக்கைக் குறுஞ்செய்தியாகத் தமிழில் அனுப்பவும் முடியும். இத்தனை நாளாயிற்று, இத்தனை யூனிட் எரிந்தது, இன்னும் இத்தனை மிச்சம்: இந்த மூன்று எண்கள் போதும். படம் வரைந்து காட்டும் அப்ளிகேஷன் எல்லாம் யாருக்காகவோ செய்தது.

இதெல்லாம் வீட்டுக்கு ஒரு மீட்டர் இருந்தால். அடிப்படைச் சிக்கல் அங்கேதான். ஒரு காம்பராவில் பெற்றோர், பின்னால் இறக்கிய பத்தியில் கல்யாணமான மகன். இரண்டு அடுப்பு, ஒரு மீட்டர். அல்லது இணைப்பு இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயர். நிலமும் வீடும் தோட்டத்துப் பேரில் இருப்பதால், புது இணைப்புக்கு நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் தேவைப்படுகிறது. கடிதத்துக்காக நடந்து அலுத்தவர்கள்தான் வயர் இழுக்கிறார்கள். அதன் விலை என்ன? ஆளுக்கு 45 யூனிட் எரிக்கும் இரண்டு குடும்பங்களுக்குத் தனித்தனி மீட்டர் இருந்தால், அதே 2025 ஜனவரிக் கட்டணத்தில் வீட்டுக்கு 410 வீதம் 820 ரூபாய். ஒரே மீட்டரில் 90 யூனிட்டாக வந்தால் 1,480. ஏழைக்கென்று வைத்த சலுகையை, ஏழ்மையினாலேயே இழக்கிறார்கள். ஒரு மீட்டரை எவ்வளவு புத்திசாலியாக மாற்றினாலும் இந்த 660 ரூபாய் குறையாது. மீட்டரின் அறிவுக்குச் செலவழிக்குமுன் மீட்டரின் எண்ணிக்கைக்குச் செலவழிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கட்டிக் கொடுத்த திட்டங்களில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் லயங்களில், மீட்டர் மாற்றும் நாளிலேயே கூட்டு இணைப்புகளைப் பிரித்துக் கொடுத்தால், ஒரே கூலியில் இரண்டு வேலை.

லயத்தின் அமைப்பில் ஒரு தொழில்நுட்ப வசதியும் இருக்கிறது. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடைக்காது என்பதால் இங்கே ஸ்மார்ட் மீட்டர் சரிப்படாது என்பார்கள். சிம் வைத்த மீட்டருக்கு அது உண்மை. பிரிட்டனிலேயே ஒழுங்காகத் தகவல் அனுப்பாத மீட்டர்கள் லட்சக்கணக்கில் கிடந்தன. ஆனால் மின்கம்பி வழியாகவே தகவல் அனுப்பும் வகை உண்டு. பத்துப் பன்னிரண்டு வீடு ஒரே கூரையின்கீழ், ஒரே ட்ரான்ஸ்போமரில் இருக்கும் லயத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். ட்ரான்ஸ்போமர் அருகே சிக்னல் பிடிக்கிற இடத்தில் ஒரு பெட்டி வைத்தால் போதும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதுபோல் ஒன்று நடந்தால் எதுவும் பேசாதுதான். அப்போது மீட்டர் தன்னுள்ளே கணக்கைச் சேமித்து வைத்திருக்க வேண்டும். தகவல் வராத நாட்களுக்குச் சராசரி போட்டு பில் அனுப்பும் பழக்கம் இருக்கக் கூடாது.

எனக்கு உண்மையான பயம் வேறு ஒன்றில். ஸ்மார்ட் மீட்டருக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்தபடியே கரண்டை வெட்டலாம். இன்று சிவப்பு பில் வந்த பிறகு வெட்டுவதற்கு ஒரு ஆள் மலையேறி வர வேண்டும். அந்தத் தாமதம் சம்பளத் தேதிவரை தாக்குப்பிடிக்க உதவுகிறது; வந்த ஆளும் படுத்த படுக்கையாய் ஒரு கிழவி கிடப்பதைப் பார்த்தால் நாளைக்குக் கட்டிவிடுங்கள் என்று திரும்பக்கூடும். சுவிட்சுக்குக் கண் கிடையாது. பிரிட்டனில் கடன்பட்ட வீடுகளின் மீட்டரைத் தொலைவிலிருந்தே முன்கட்டண முறைக்கு மாற்றிவிட முடிந்தது. வீடு புகுந்து அப்படிப்பட்ட மீட்டர் மாட்டிய செய்தி 2023 பெப்ரவரியில் வெடித்தபின், கட்டாயமாக மாட்டுவதை ஒழுங்குமுறை அமைப்பு நிறுத்திவைத்தது. இந்தியாவில் 25 கோடி மீட்டர்களையும் முன்கட்டண வகையாகவே திட்டமிட்டார்கள். கையில் காசு இருக்கும்போது நூறு, இருநூறு போட்டுக்கொள்வது கூலி வீட்டுக்கு வசதிதானே என்று கேட்கலாம். வசதிதான், விருப்பப்பட்டு எடுத்தால். மாதம் ஒரு தடவை சம்பளம் வாங்கும் தோட்டத்தில் கடைசி வாரம் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்கள் அதைக் கட்டாயமாக்க மாட்டார்கள். ஆகவே மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு விதியாகவே எழுத வேண்டும்: 60 யூனிட்டுக்குட்பட்ட வீட்டை ஆள் போகாமல் வெட்டக் கூடாது, இரவிலும் விடுமுறையிலும் வெட்டவே கூடாது, கட்டிய ஒரு மணி நேரத்தில் திரும்ப வர வேண்டும். மீள் இணைப்புக்கு யாரும் மலையேறாதபோது அதற்குக் கட்டணமும் எதற்கு?

கதிர்வீச்சுப் பயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை; சட்டைப்பையில் போன் வைத்திருப்பவருக்கு வெளிச்சுவரில் உள்ள மீட்டர் பெரிய விஷயமல்ல. தகவல் கசிவு அப்படியல்ல. அரை மணிக் கணக்கைப் பார்த்தால் வீட்டில் யார் எப்போது எழுந்தார், யார் வேலைக்குப் போகவில்லை என்பதுவரை ஊகிக்கலாம். நெதர்லாந்தில் 2009இல் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டம் மேலவையில் நின்றுபோனதற்கு இதுவே காரணம். வீட்டுக்காரருக்கு வேலை கொடுப்பவரும் வீட்டுக்குச் சொந்தக்காரரும் ஒருவராக இருக்கும் தோட்டத்தில் இதன் எடை இன்னும் கூடுதல். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிப்பட்ட தரவுகளுக்குப் பாதுகாப்புத் தருவதற்காக இயற்றப்பட்டது. அதன்கீழ் இந்தக் கணக்கு தோட்டத்து ஆபீசுக்குப் போகாது என்று பெயர்சொல்லி எழுதிவிடுவது நல்லது.

மறுபுறம், அதே தகவல் வீட்டுக்காரருக்குச் சாட்சியாகவும் நிற்கும். லக்ஷபானவில் 1950 முதலும், தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டத்தில் 2012 முதலும், இந்த மலைத்தண்ணீரில்தான் நாட்டுக்கு மின்சாரம் எடுக்கிறார்கள். அதே மலையில் ட்ரான்ஸ்போமரிலிருந்து தொலைவில் கிடக்கும் கடைசி லயத்தில் மாலை ஏழு மணிக்கு பல்பு மங்கும், ரைஸ் குக்கர் சோற்றை அரைவேக்காடாக விடும், ஃபிரிட்ஜ் மோட்டார் இரைந்து எரியும். 230 வோல்ட்டிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பது விதி. அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. முறைப்பாடு செய்தால் பகலில் ஆள் வந்து அளப்பார். பகலில் சரியாகத்தான் இருக்கும். ஸ்மார்ட் மீட்டர் வோல்ட்டையும் கரண்ட் போன நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. அந்தப் பதிவு இப்போதைக்கு மின்சாரம் விற்பவரின் திரையில் மட்டும் தெரிகிற ஏற்பாடு. மாத பில்லின் அடியில் இரண்டு வரி சேர்க்கலாம்: இந்த மாதம் உங்கள் வீட்டில் 216 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை மணி நேரம், கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம்.