குடிவழியும் குருதிவழியும்

தமிழாசிரியன் மரபணுவைப் பற்றி எழுதப் புகுவதா என அன்பர் சிலர் வியக்கக்கூடும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்பதே பெயர். இன்று உயிரியலாரும் தம் துறையொன்றை அப்பெயரால் வழங்குகின்றனர். நிறமும் வடிவும் போலவே சில நோய்களும் பெற்றோர்வழி வருவன என்பதை அத்துறை விளக்குகின்றது. அவ்வுண்மைக்கும் நம் ஊருக்கும் உள்ள தொடர்பையே ஈண்டுக் கூற விழைகின்றேன்.

அக்கரைப்பற்றில் தமிழராயினும் முஸ்லிம்களாயினும் குடியைத் தாய்வழியாகவே எண்ணுவர். ஒரே குடியிற் பிறந்தோர் உடன்பிறந்தார் போல்வர். அவர்க்குள் மணவினை இல்லை. ஆதலின் சம்பந்தம் பேசுங்கால் “என்ன குடி?” என்று வினவுதல் வழக்கு. மாமன் மகளும் மாமி மகளும் வேறு குடியினராதலின் மச்சாள் முறையினராய் மணத்திற்கு உரியராவர். முன்னோர் வகுத்த இவ்வொழுங்கு உறவையும் உடைமையையும் இனிது காத்தது. ஆயினும் குடி தாய்வழி ஒன்றனையே நோக்கும். குருதியோ இருவழியும் வரும். மச்சானும் மச்சாளும் குடியால் வேறாயினும் பாட்டன் பாட்டியரால் ஒன்றுபட்டவர் அன்றோ?

இதற்குத் தலசீமியா தக்க சான்று. குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினை ஆக்கும் மரபணுக்களில் நேர்ந்த பழுதால் வருவது இந்நோய். பழுது ஒருவழி மட்டும் வரின் அவர் நலமாகவே வாழ்வார். அவரைக் காவி என்பர். இலங்கையில் நூற்றுக்கு இருவர் அளவில் இத்தகையோர் உளர். காவியர் இருவர் மணப்பின் ஒவ்வொரு மகப்பேற்றிலும் பிள்ளை நோயுறுதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. கடுமையாக நோயுற்ற பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கொருமுறை குருதி ஏற்றல் வேண்டும். அதனால் இதயத்திலும் ஈரலிலும் தேங்கும் இரும்பை நீக்க வேறு மருந்தும் வேண்டும். இத்தகையோர்க்கெனக் குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகின்றது.

என்னிடம் பயின்ற மாணவனொருவன் இந்நோயினன். மாதந்தோறும் சில நாள் வகுப்புக்கு வாரான். வந்த நாளில் வெண்பாவுக்குச் சீர் பிரிப்பதில் அவனை வெல்வார் இலர். ஊரார் தன் வயிற்றைப் பழிக்கின்றனர் என்று அவன் தாய் ஒருநாள் என்னிடம் கூறி வருந்தினார். பழுதிற் சரிபாதி தந்தைவழி வந்தது, இருவர்மேலும் குற்றமில்லை என்று எடுத்துரைத்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். அறியாமை நோயினும் கொடிது என்பதை அன்று கண்டேன்.

இனி, மருத்துவம் தரும் நம்பிக்கையும் சிறிதன்று. 2023 நவெம்பரில் பிரித்தானியா இந்நோய்க்கு மரபணுத் திருத்த மருத்துவமொன்றை ஏற்றுக்கொண்டது. குருதியை ஆக்கும் மூலக் கலங்களை நோயாளியிடமிருந்தே எடுத்து, கிறிஸ்பர் என்னும் நுண்முறையால் திருத்தி, மீண்டும் உடலிற் செலுத்துவர். கருவிலிருந்த காலத்து ஆக்கிப் பிறந்தபின் உடல் கைவிட்ட ஈமோகுளோபின் அதனால் மறுபடி உண்டாகின்றது! நம் அண்டையிலே, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், ஈமோபீலியா என்னும் குருதி உறையா நோயினர் ஐவர்க்கு மரபணு மருத்துவம் செய்தனர். அதன்பின் அவர்க்குக் குருதிக்கசிவு நேரவில்லை என 2024 திசெம்பரில் அறிவித்தனர்.

எனினும், முற்கூறிய தலசீமியா மருத்துவத்துக்கு அமெரிக்காவில் இட்ட விலை 22 இலட்சம் டொலர். அது நம் குடிசைகளை எட்டும் நாள் வருக! அதுவரை நம் கையிலுள்ளது மணத்துக்கு முன் செய்யும் குருதிச் சோதனையே. காவி என அறிதல் இழிவன்று. மச்சாளை மணந்தார்க்கெல்லாம் இது நேர்வதுமன்று. காவியர் இருவர் அறியாது இணைதலே தவிர்க்கத்தக்கது.

பழைய மாணவர்காள்! நும்முள் மருத்துவர் உளர், ஆசிரியர் உளர், மக்கட்கு மணம் பேசும் பெற்றோரும் உளர். குடி வினவும் அவையில் குருதியையும் வினவும் வழக்கத்தை நீவிர் தொடங்கிவைப்பின், அதுவே இவ்விழாவாண்டில் ஊருக்குச் செய்யும் பெருந்தொண்டாகும்.