உடும்பின் ஓட்டம்

'தீவிர உடற்பயிற்சி' என்ற சொற்றொடரைக் கேட்டதுமே பருத்த உடலினர் அஞ்சி விலகுகின்றனர். மாகறலில் மாலைதோறும் செய்யாற்றங்கரையில் நடக்கும் நாங்கள் நால்வர். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்போர். இருவர் பட்டுத்தறியில் அமர்வோர். நால்வருக்கும் உடல் நிறை குறியீட்டெண் முப்பதுக்கு மேல். எங்களுள் ஒருவரின் தந்தை ஐம்பதாம் வயதில் மாரடைப்பால் மறைந்தவர். நண்பர் அவ்வயதை எட்ட இன்னும் மூன்றாண்டுகளே உள்ளன. ஆதலால் இப்பேச்சு எங்களுக்கு வெறும் பொழுதுபோக்கன்று.

நாங்கள் தனியர் அல்லர். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடையினர். குழித்தறியில் நாளெல்லாம் கால் மிதிக்கிறது, கை நாடா எறிகிறது. எனினும் வயிறு குறைவதில்லையே என்பார் நெசவாள நண்பர். அவ்வுழைப்பு முதுகையும் கண்ணையும் வாட்டுகிறது. இதயத்தை விரைந்து துடிக்கச் செய்வதில்லை. வகுப்பறையில் நின்று பேசும் எங்கள் உழைப்பும் அத்தகையதே.

இங்கு நார்வேயின் ட்ரான்ஹைம் நகர ஆய்வொன்று நினைவுக்கு வருகிறது. 2008இல் வெளியான அவ்வாய்வில் எடை மிகுந்து இரத்த அழுத்தம், சர்க்கரைக் கோளாறுகள் கொண்ட 32 பேர் பங்கேற்றனர். ஒரு சாரார் வாரம் மூன்று நாள், 16 வாரங்கள், நான்கு நிமிடம் கடுமையாகவும் மூன்று நிமிடம் மெதுவாகவும் மாறி மாறிப் பயின்றனர். இன்னொரு சாரார் சீராக மிதமாகப் பயின்றனர். எடைக் குறைவு இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உடல் உயிர்வளியை ஏற்கும் திறன் முன்னவர்க்கு 35 விழுக்காடும் பின்னவர்க்கு 16 விழுக்காடும் கூடியது. எடைப்பொறி காட்டாததை மூச்சு காட்டியது எனலாம்.

தீவிரம் என்பது அவரவர் இதயத்தை வைத்து அளக்கப்படுவது என்பதே இதில் நுட்பமான செய்தி. ஓட்டக்காரருக்கு மேடேறுவது விளையாட்டு. நூறு கிலோ எடையுள்ளவர்க்கு அதுவே தீவிரம். ஓடவும் குதிக்கவும் வேண்டியதில்லை. முழங்கால் வலியுள்ளோர்க்கு மிதிவண்டி போதும். எங்கள் அளவுகோல் எளியது: மெதுநடையில் ஒரு வெண்பாவை முழுமையாகச் சொல்ல இயலும், விரைநடையில் இரண்டு சீருக்கு மேல் வாராது. மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்ட பின்னரே தொடங்கினோம். சர்க்கரைக்கும் அழுத்தத்திற்கும் மருந்து உட்கொள்வோர் அதைத் தவிர்க்கலாகாது. நெஞ்சில் வலியோ தலைச்சுற்றலோ தோன்றினால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும்.

நான்கு மாதங்களில் எங்களுக்குக் குறைந்தது இரண்டு மூன்று கிலோவே. ஆயினும் கல்லூரியின் மூன்றாம் மாடிக்கு இடையில் நில்லாமல் ஏறுகிறோம். தந்தையை இழந்த நண்பர் ஆற்றங்கரை மேட்டை ஏறி முடித்தும் எங்களோடு பேசுகிறார்.

சம்பந்தர் பாடிய எம்மூர் இறைவன் உடும்பின் வால் வடிவில் எழுந்தருளியிருப்பவர். சோழ மன்னன் துரத்திய பொன்னுடும்பு புற்றில் ஒளிந்ததாகத் தலபுராணம் கூறும். வயல்வெளியில் உடும்பைக் கண்டவர் அறிவர்: அசையாதிருக்கும், திடீரென விரையும், மீண்டும் அசையாதிருக்கும். கனத்த உடலுடைய அவ்வுயிர்க்கு அவ்வோட்டம் இயல்பாயின், நமக்கும் அது எட்டாததன்று.