ஆமையான தெய்வமும் ஆயுதமற்ற அடியவனும்

கர்மேல் மலையில் எலியா தீர்க்கதரிசி பாகாலின் பூசாரிகளை எள்ளி நகையாடும் காட்சி விவிலியத்தில் உண்டு. அத்தெய்வம் உறங்குகிறதோ, பயணம் போயிற்றோ என்னும் அவருடைய கேலி இன்றும் சிரிப்பை மூட்டும். ஆனால் 13 வசனங்கள் கடந்ததும் கீசோன் ஆற்றங்கரையில் அப்பூசாரிகள் கொல்லப்படுகின்றனர். எவ்வகைப் போரிலும் ஆயுதம் ஏந்தோம் என்று 1660இல் இங்கிலாந்து மன்னரிடம் அறிக்கை அளித்த குவேக்கர்களைப் போன்ற கிறித்தவர்களுக்கு இவ்விடம் நெருடலானது. கெத்செமனே தோட்டத்தில் வாளை உருவிய பேதுருவையே தடுத்தவரன்றோ அவர்களுடைய ஆண்டவர்!

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெர்ரி பிராச்செட் 1992இல் வெளியிட்ட 'ஸ்மால் காட்ஸ்' நாவல் இந்நெருடலையே வேறு வழியில் தொடுகிறது. பிராச்செட் சமய நம்பிக்கையாளர் அல்லர் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

ஓம் என்னும் பெருந்தெய்வம் மண்ணுலகில் தோன்ற எண்ணி, ஓர் ஆமையாய் வந்து விழுகிறது. நாடு முழுவதும் அதன் பெயரால் நடுங்கினாலும், மெய்யாக நம்புபவன் புருதா என்னும் எளிய மடத்துச் சீடன் ஒருவனே. ஏனையோர் நம்புவது விசாரணை மன்றத்தின் சித்திரவதையை. ஆமை சினந்து சபிக்கிறது, இடி விழுவதில்லை. தெய்வத்தின் வலிமை அடியவரின் நம்பிக்கையளவே என்னும் இக்கற்பனைதான் நூலின் சிரிப்புக்கெல்லாம் ஊற்று.

விசாரணை மன்றத் தலைவன் வோர்பிஸ் பாலைவனத்தில் செயலற்றுக் கிடக்கையில், விட்டுவிட்டுப் போ என்கிறது ஆமை. புருதா அவனைச் சுமந்து செல்கிறான். பின்னர்ப் பகைநாட்டுப் படைகள் கரையில் இறங்கும்போதும் போரைத் தடுக்க வெறுங்கையோடு போகிறான்.

ஆனால் போர் நிற்பது எவ்வாறு? ஓம், தெய்வங்கள் வாழும் மலைக்கு ஏறிச் சென்று, மற்றத் தெய்வங்களை அடித்து நொறுக்கிப் பணிய வைக்கிறது! அடியவன் கைவிட்ட வன்முறையைத் தெய்வம் கையில் எடுக்கிறது. படிக்கும்போது வயிறு குலுங்கச் சிரிப்பு வருவது உண்மையே. எனினும் கொல்லாமையைக் கொள்கையாய்க் கொண்ட வாசகர், இது கர்மேல் மலையின் மறுபதிப்பன்றோ என்று கேட்பாராயின், அதனைத் தள்ளிவிடுதல் எளிதன்று. நகைச்சுவைக் கதைக்கு ஓர் அடிதடி தேவைப்பட்டது. ஆசிரியர் அங்கே தம் கதைமாந்தனைவிடச் சற்றே தாழ்ந்துவிட்டார் எனலாம்.

நாவல் அங்கு முடியவில்லை என்பது ஆறுதல். நூறாண்டுக்குப்பின் புருதா இறந்து மறுமையின் கரும்பாலையை அடைகிறான். அங்கே, தன்னைத் தீயிட்டுக் கொல்ல முயன்ற வோர்பிஸ், அச்சத்தால் ஓரடியும் நகர இயலாமல் இன்னும் குந்தியிருக்கக் காண்கிறான். ஒரு கணம் நிற்கிறான். பிறகு அவனையும் உடன் அழைத்துக்கொண்டு நடக்கத் தொடங்குகிறான்.