ஆற்றைக் கடந்தவர்கள்

ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' (1678) முதற்பாகத்தின் இறுதிப் பக்கங்கள் எங்களை இன்றும் நடுங்க வைக்கின்றன. கிறிஸ்தியான் மரண ஆற்றில் பாவங்களை நினைந்து அஞ்சி மூழ்குகிறான். தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்குகிறான். அறிவீனனோ, வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவியால் எளிதாகக் கரையேறுகிறான்.

அறிவீனன் தீயவனல்லன். ஜெபம், உபவாசம், தசமபாகம், தருமம் எதிலும் குறையில்லை. ஆயினும் கிறிஸ்துவின் நீதியைவிடத் தன் நடத்தையையே சார்ந்தவன். நகரவாசலில் சான்றுச்சுருள் கேட்கிறார்கள்; மடியைத் துழாவுகிறான், ஒன்றுமில்லை. அங்கிருந்தே நரகத்துக்கு வழி! (பனியன் இங்கே இரக்கமற்றவர்தான்.)

எங்கள் குடும்பத்து மூதாட்டி ஒருவர் மரணப்படுக்கையில், "எனக்கு இரட்சிப்பு உண்டா?" என ஓயாது கேட்டார். பார்க்க வந்தவர்கள் அதை விசுவாசக் குறைவென்றனர். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டபோதெல்லாம் கைப்பற்றி, "உண்டு பாட்டி" என்றோம்.