சட்டை சாட்சியாகுமா?

அது சந்தனமர வழக்கு. ஏற்காடு மலைப்பாதையில் கட்டையோடு மூன்று பேர் பிடிபட்டார்கள். சற்றுப் பின்னால் நடந்து வந்த ஒரு பெண்ணையும் நான்காம் எதிரியாகச் சேர்த்துவிட்டார்கள். சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர் அவர். இலவச சட்ட உதவியில் அவருக்காக ஆஜரானேன்.

கோப்பில் அவருக்கு எதிராக இருந்தவை: ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, கையில் அரிவாள். ஆண் வேடத்தில் கும்பலுக்குக் காவல் நின்றார் என்றது அரசுத் தரப்பு. அவர்தான் தலைவி என்று ஊரில் பேச்சு வேறு.

எனக்கு ஜமைக்கா வழக்கு ஞாபகம் வந்தது. 1720 நவம்பர் 28 அன்று ஆன் போனி, மேரி ரீட் என்ற இரு பெண்களைக் கடற்கொள்ளைக்காக விசாரித்தார்கள். ஆண் உடையும் தலைக்கட்டும் கத்தியும் துப்பாக்கியுமாக அவர்களைப் பார்த்ததாக டோரதி தாமஸ் சாட்சி சொன்னார். தன்னைக் கொன்றுவிடும்படி கூட்டாளிகளைத் தூண்டியதாகவும் சொன்னார். சாட்சிகளிடம் கேள்வி உண்டா என்று நீதிமன்றம் கேட்டபோது இருவரும் இல்லை என்றார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கர்ப்பமாக இருப்பதாக இருவரும் சொன்னதால் நிறுத்திவைக்கப்பட்டது. 1724-ல் கேப்டன் சார்லஸ் ஜான்சன் பெயரில் வந்த நூல் அவர்களுக்கு நீண்ட வாழ்க்கைக் கதை எழுதியது. நாவல்கள் அதிலிருந்து கிளைத்தன. விசாரணைப் பதிவிலோ அந்தக் கதை கிடையாது.

ஜமைக்காவில் உடையைத் தாண்டிச் செயலுக்கும் சாட்சி இருந்தது. என் கட்சிக்காரருக்கு எதிராக உடையும் அரிவாளும் மட்டுமே. "எறும்பு கடிக்கும், கிளை கீறும்ங்க ஐயா. வீட்டுக்காரரோட பழைய சட்டைதாங்க" என்றார் அவர்.

வனக்காப்பாளரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"தோட்டத்துப் பெண்கள் வேலைக்கு என்ன உடுத்துவார்கள்?"

"சேலைக்கு மேல ஆம்பளச் சட்டை."

"தலையில்?"

"துண்டு."

"அரிவாள்?"

"விறகுக்கு எடுத்துட்டுப் போவாங்க."

கட்டையை அவர் தொட்டதையோ, அந்த மூவரோடு பேசியதையோ பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். என் கட்சிக்காரர் விடுதலையானார்.

1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-வது பிரிவில், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. மலைக் கிராமத்துப் பெண்களுக்கு இதை நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும். சாட்சியிடம் கேள்வி கேட்க ஆளில்லாமல் ஒரு பெண்ணும் கூண்டில் நிற்கக் கூடாது.