இருபது ரூபா கீ

ஆபீஸ்ல ஆணி அதிகமானதால பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

பொட்டி தட்டி பொழைக்கிற நான் படிச்சது மெக்கானிக்கல். மாமாவுக்கு தண்டையார்பேட்டையில ஒரு சின்ன லேத் பட்டறை இருந்துச்சு. லீவு விட்டா அங்கதான் கிடப்பேன். 2017 ஜூன், மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்ச வாரம். காசிமேட்டுல இருந்து ஒருத்தர் ஐஸ் உடைக்கிற மெஷினோட கீ அறுந்து போச்சுன்னு வந்து நின்னார். அந்த மாசத்துல அது ரெண்டாவது தடவை.

கீ தெரியாதவங்களுக்கு: ஷாஃப்ட்லயும் அதுல மாட்டுற புல்லி இல்லாட்டி பல்சக்கரத்துலயும் ஆளுக்குப் பாதியா ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். நடுவுல சொருகுற சதுரமான இரும்புத் துண்டுதான் கீ. ஷாஃப்டோட முறுக்கு விசை இந்த துண்டு வழியாத்தான் சக்கரத்துக்குப் போகும். விலை இருபது ரூபா இருக்கும்.

மூணு வருஷம் இஞ்சினியரிங் படிச்ச மண்டை சும்மா இருக்குமா? "மாமா, சாதா இரும்பு போட்டா அறுந்துகிட்டேதான் இருக்கும். ஈ.என். 24ல போடலாம்"னேன். மாமா ஒரு நிமிஷம் யோசிச்சார். "நீ படிச்சவன்டா மாப்ள, போடு"ன்னுட்டார். நானே அளவெடுத்து, ராவி, சொருகினேன். பெருமை தாங்கல.

நாலாவது நாள் மெஷின்ல ஐஸோட ஒரு இரும்புக் கொக்கியும் விழுந்து சிக்கிக்கிச்சு. என் கீ அறுந்து போகல. அதுக்குப் பதிலா ஷாஃப்ட் கீ பள்ளத்து ஓரத்துலயே முறிஞ்சு போச்சு. சீசன் நேரம், போட்டுக்கு ஐஸ் இல்லாம ஒன்றரை நாள். அந்த மனுஷன் பட்டறை வாசல்ல நின்னு கத்தினதை தெருவே பார்த்துச்சு. மாமா தன் காசுல புது ஷாஃப்ட் கடைஞ்சு கொடுத்தார். கீ போட்டது யாருன்னு அவர்கிட்ட மூச்சு விடல. நான் உள்ளே டிரில்லிங் மெஷின் பின்னாடி நின்னுகிட்டு இருந்தேன்.

ராத்திரி மாமா சொன்னது இவ்வளவுதான்: "கீ அறுறதுக்குத்தான்டா இருக்கு. அது போனா இருவது ரூவா. ஷாஃப்ட் போனா பொழப்பு."

இதை வேத வாக்கா நெனச்சிட்டிருந்தேன். சமீபத்துல அணு உலை விபத்துகளைப் பத்தி படிக்கும்போதுதான் இடிச்சுது. அணுமின் நிலையத்துல மோட்டார் வெச்சு திறந்து மூடுற வால்வுகள் நிறைய. மோட்டார் முனையில சின்ன பினியன், அங்கிருந்து வார்ம், வார்ம் கியர், கடைசியா வால்வு தண்டு. அந்த பினியனை மோட்டார் ஷாஃப்டோட பிடிச்சு வெச்சிருக்கறதும் ஒரு கீதான்! அது அறுந்தா மோட்டார் ஜோரா சுத்தும், வால்வு அசையாது. பல வால்வுகள் மாசக்கணக்கா சும்மா நிக்கிறவை. தேவைப்படுற அன்னிக்குத்தான் குட்டு வெளிப்படும்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் இந்த கீ பத்தி 1981, 1988, 1990, 1994ன்னு திரும்பத் திரும்ப சுற்றறிக்கை விட்டிருக்கு. அறுந்த கீ, தரமில்லாத கீ, இடத்தை விட்டு நழுவின கீ. தீர்வா என்ன சொன்னாங்க தெரியுமா? 1018ங்கற சாதா எஃகை விட்டுட்டு 4140ங்கற உறுதியான எஃகுல கீ போடுங்கன்னு. அதாவது காசிமேட்டுல நான் பண்ணின அதே வேலை!

அப்போ மாமா சொன்னது தப்பா? இல்லை. ஐஸ் மெஷின்ல காப்பாத்த வேண்டியது மெஷினை. உலையில காப்பாத்த வேண்டியது உலையை. அங்க அதிக முறுக்கு வந்தா மோட்டாரை நிறுத்த தனியா டார்க் சுவிட்ச் இருக்கு. ஆபத்து நேரத்துல மோட்டாரே எரிஞ்சாலும் பரவாயில்ல, வால்வு திறந்தாகணும். அங்க கீ 'நான் முதல்ல அறுந்துக்கறேன்'னு தியாகம் பண்ணக் கூடாது.

நம்ம ஊர் கதையும் உண்டு. கூடங்குளம் முதல் உலையில 2013 ஏப்ரல்ல நாலு வால்வுகள் சோதனையில சரியா வேலை செய்யலன்னு தெரிஞ்சு, பாகங்களை மாத்தச் சொன்னாங்க. ஜூலையிலதான் உலை தொடர்வினைக்கு வந்துச்சு. அதுக்கும் முன்னாடி, 1993 மார்ச் 31, உத்தரப் பிரதேசம் நரோரா. டர்பைன் பிளேடு உடைஞ்சு தீப்பிடிச்சு, கேபிள்கள் எரிஞ்சு, சுமார் 17 மணி நேரம் கரண்ட்டே இல்லை. கரண்ட் இல்லாட்டி மோட்டாரும் கீயும் இருந்து என்ன பண்ண? ஆளுங்க டார்ச் லைட்டோட மேலே ஏறி, கையாலயே வால்வைத் திறந்து போரான் கரைசலை உலைக்குள்ள விட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். கண்ணு சரியில்ல, பட்டறையை மூடி ரெண்டு வருஷமாச்சு. இதையெல்லாம் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அந்த வால்வு தொறக்கலன்னா நஷ்டம் யாருக்கு?"ன்னார்.

"ஊருக்கு மாமா."

"அப்ப கெட்டியாத்தான் போடணும்."

கொஞ்ச நேரம் கழிச்சு, இத்தனை வருஷமா தொண்டையில நின்னதைக் கேட்டுட்டேன். "அன்னிக்கு ஏன் என் பேரைச் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ அப்புறம் பட்டறை பக்கம் வந்திருப்பியா?" அவ்வளவுதான் சொன்னார். அத்தை டீ கொண்டு வந்தாங்க. பேச்சு கிரிக்கெட்டுக்குப் போயிடுச்சு.

எதை அறுக்க விட்டு எதைக் காப்பாத்தணும்னு அந்த மனுஷனுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு.

டிஸ்கி: மெக்கானிக்கல் மக்கள் யாராவது இருந்தா, பட்டறையில நீங்க உடைச்சதை பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதல்தான் :)