தோர் பாலமும் மரத் துப்பாக்கியும்



ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளியில் 'துப்பாக்கி செய்கிறார்கள்' என்ற செய்தி பெற்றோர் சிலருக்கு எட்டி, தொலைபேசியிலும் நேரிலும் விளக்கம் கேட்டார்கள். கேட்டது நியாயம். ஆளுக்கொரு விளக்கம் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லதெனத் தோன்றியது. நம் ஆசிரியர் நண்பர்களுக்கும் இது பயன்படலாம்.

துப்பறியும் கதைகளில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. யாரோ சுடுவார், யாரோ விழுவார், அத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். துப்பாக்கியையே புதிராக்கிக் காட்டியவர் என்று நான் கருதுவது ஆர்தர் கோனன் டாயிலைத்தான். 1922ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் 'ஸ்டிராண்ட்' இதழில் அவர் எழுதிய 'தோர் பாலத்தின் புதிர்' என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதையைப் பயிற்சிக் கல்லூரி நாள்களில் படித்தேன். இன்றும் அதனை மிஞ்சிய ஒன்றைக் கண்டதில்லை. (கதையைப் படிக்காதவர்கள் மன்னிக்க, முடிவைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது.)

செல்வந்தர் ஒருவரின் மனைவி, நீர்நிலையின்மேல் கட்டிய கற்பாலத்தில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். அருகில் துப்பாக்கி இல்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கிரேஸ் டன்பர் என்ற பெண்ணின் துணி அலமாரியில், ஒரு தோட்டா சுடப்பட்ட சுழல் கைத்துப்பாக்கி கிடைக்கிறது. வேறென்ன வேண்டும்? தூக்குக்கயிறு அப்பெண்ணுக்காகக் காத்திருக்கிறது. ஹோம்ஸ் மட்டும் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் புதிதாய்ப் பெயர்ந்த ஒரு சின்னஞ்சிறு வடுவைப் பார்க்கிறார். நண்பர் வாட்சனின் சுழல்துப்பாக்கியை வாங்கி, கயிற்றின் ஒரு முனையில் அதனையும் மறுமுனையில் கனத்த கல்லையும் கட்டி, கல்லைச் சுவருக்கு அப்பால் தொங்கவிட்டு, துப்பாக்கியைக் கைவிடுகிறார். கல் இழுக்க, துப்பாக்கி சுவரில் மோதி நீரில் மறைகிறது. சுவரில் அதே போன்ற வடு! சுட்ட துப்பாக்கி நீருக்கடியில் இருக்கிறது. அலமாரியில் கிடைத்தது அதன் இணைத் துப்பாக்கி. பழி சுமத்துவதற்காக அங்கே வைக்கப்பட்டது அது.

இது வெறும் கற்பனையும் அன்று. ஆஸ்திரியாவில் விசாரணை நீதிபதியாக இருந்த ஹான்ஸ் கிராஸ் 1893இல் வெளியிட்ட குற்றவியல் கையேட்டில் இதே போன்ற ஒரு வழக்கு வருகிறது. பாலத்தின் நடுவில் ஒரு தானிய வணிகரின் உடல் கிடக்கிறது; மரக் கைப்பிடியில் புதிய வடு; நீருக்கடியில் கயிறு, கல், துப்பாக்கி. அந்நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தவர்கள் சென்னையில் அரசு வழக்கறிஞர்களாகப் பணியாற்றிய ஜான் ஆடம், காலியர் ஆடம் என்னும் இருவர். 1906இல் சென்னையிலேயே அது வெளியாயிற்று. டாயில் கதையின் மூலம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஒரு லண்டன் கதையின் வேரைத் தேடிப் போனால் வழியில் சென்னை குறுக்கிடுவது எனக்கு வியப்பாகவும், சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

இனி, வாட்சனின் துப்பாக்கி எப்படி இருந்திருக்கும்? 1892இல் வந்த 'புள்ளியிட்ட பட்டை' கதையில் ஹோம்ஸ் அதனை 'ஈலி இரண்டாம் எண்' என்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஈலி நிறுவனம் பெயர்பெற்றது தோட்டாக்களுக்கு, துப்பாக்கிகளுக்கு அன்று. போயர் போர்க்களத்திலிருந்து திரும்பியபின் தம் ஊரில் துப்பாக்கி சுடும் சங்கமே தொடங்கிய டாயில் இப்படி எழுதியிருப்பதால், பழந்துப்பாக்கி ஆர்வலர்கள் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். சிறிய கைக்கடக்கமான துப்பாக்கி என்று தோர் பாலக் கதை சொல்வதை வைத்து, நான் பர்மிங்காம் வெப்லி நிறுவனம் 1872இல் கொண்டுவந்த 'புல்டாக்' வகையைத் தேர்ந்தேன். 2.5 அங்குலக் குழல்; தோட்டா வைக்க உருளையில் 5 துளைகள்.

அந்த ஐந்துதான் எங்களுக்கு நல்ல கணிதப் பாடமாயிற்று. ஆறு துளைகள் என்றால் எளிது. வட்டத்தின் ஆரத்தையே அளவாக வைத்துக் கவராயத்தைச் சுற்றி நகர்த்தினால் ஆறு புள்ளிகள் தாமாக விழும். ஐந்துக்கு அப்படி வழியில்லை. 360ஐ ஐந்தால் வகுத்து, 72 பாகை வீதம் கோணமானியால் குறிக்க வேண்டும். ஒரு பாகை பிசகினாலும் ஐந்தாவது துளை முதல் துளையை நெருக்கும். பால்மரக் கட்டையில் மூன்று உருளைகள் வீணான பிறகே நான்காவது ஒழுங்காக அமைந்தது. துளையிடுவதை மட்டும் நான் செய்தேன். மரம் மிக இலேசாக இருந்ததால், தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பிடிக்குள் வைத்து அடைத்தோம்.

குழலில் துளை இல்லை, விசை அசையாது, முழுவதற்கும் மஞ்சள் வண்ணம். அழகுக்காக அன்று. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கிகளையும் விட்டுவைக்கவில்லை. உண்மையானது போன்று தோற்றமளிக்கும் ஒன்றைச் செய்வதும் வைத்திருப்பதும் விளையாட்டாகாது. இதனைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்து வழி ஒப்புதல் பெறுங்கள். கறுப்பு வண்ணத்தை நினைத்தும் பார்க்காதீர்கள். கதையையும் நான் மாற்றினேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சாவின் உண்மை வேண்டாம். எங்கள் கதையில் பாலத்தின்மேல் இருந்த விலையுயர்ந்த கண்ணாடி விளக்கை யாரோ சுட்டு உடைத்துவிடுகிறார். பழி வீட்டு வேலைக்காரப் பெண்மேல் விழுகிறது.

பெற்றோர் சந்திப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். பலர் தலையசைத்தனர். ஒரு மாணவனின் கொள்ளுப்பாட்டி மட்டும் எழுந்து, "துப்பாக்கிப் பேச்சே பள்ளிக்கூடத்துக்கு வேணாம் வாத்தியாரே" என்றார். எண்பதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்.

சுங்கை சிப்புட் என்றதுமே எனக்குப் புரிந்தது. 1948 ஜூன் 16ஆம் நாள் அவ்வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் அவசரகாலம் வந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. அனுமதியின்றி ஒருவரிடம் துப்பாக்கியோ தோட்டாவோ இருந்தால் மரண தண்டனை விதிக்க அன்றைய விதிகளில் இடமிருந்தது. பாட்டி அக்காலத்தில் சிறுமி. லயத்துக்குப் பின்னால் பளபளவென்று கிடந்த ஒன்றை எடுத்து, பல்லாங்குழிக் காய்களோடு போட்டு வைத்திருக்கிறார். அது தோட்டா.

"எங்கம்மா பாத்துட்டு ஒரு வார்த்த பேசல. கக்கூசுக்குள்ள போட்டுட்டு வந்து, விடிய விடிய வாசல்லயே குந்தியிருந்துச்சு. எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் சொல்லல" என்றார்.

கூட்டம் அமைதியாகிவிட்டது. பால்வெட்டச் சென்ற ஒரு மனிதரின் உயிர், மகளின் பல்லாங்குழிக் காய்களுக்கிடையே ஓர் இரவு கிடந்திருக்கிறது. நான் வாதாடவில்லை. பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை அப்படியே அவருக்கும் சொன்னேன். அலமாரியில் துப்பாக்கி கிடைத்த இடம் வந்ததும் கைகாட்டி நிறுத்தினார்.

"கெடச்சுது சரி. வச்சது யாரு?"

வகுப்பில் இதே இடத்தில் கதையை நிறுத்திக் கேட்டபோது, 23 பேரில் 19 பேர் வேலைக்காரப் பெண்தான் குற்றவாளி என்று எழுதியிருந்தனர். பாட்டி கேட்ட கேள்வியை அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொன்னேன். "அப்பச் செய்யுங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சோதனையைப் பள்ளிக்குப் பின்னாலுள்ள வாய்க்காலின் சிறு பாலத்தில் செய்தோம். அப்பகுதி முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து, இப்போது செம்பனையாகிவிட்டது. சிமெண்டுச் சுவரை மரத்துப்பாக்கி என்ன செய்யும்? எனவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவில் வார்த்த ஒரு பலகையைச் சுவரின் விளிம்பில் கட்டினோம். எந்தக் கல் என்பதை மாணவர்களே முடிவு செய்தனர். முதற்கல் துப்பாக்கியைவிடச் சற்றே கனம். துப்பாக்கி சுவர்வரை ஊர்ந்து வந்து விளிம்பிலேயே நின்றுவிட்டது. இரண்டு மடங்கு கனமான கல்லில் சுவரைத் தாண்டியது. ஆயினும் பலகையில் ஒரு கீறல்தான். மூன்று மடங்கில், 'டக்' என்ற ஓசையோடு மஞ்சள் துப்பாக்கி துள்ளி நீரில் விழுந்தது. பலகையின் ஓரத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. கைதட்டல் ஓய நெடுநேரமாயிற்று.

அதன்பின் ஒரு மாணவி, துப்பாக்கியின் எந்தப் பகுதி மோதியது என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கொக்கி கட்டிய மூங்கிலால் அதனை வெளியே எடுத்துக் கழுவிப் பார்த்தால், பிடியின் அடிப்பகுதியில் வெள்ளைத் துகள் ஒட்டியிருந்தது. நான் குழல்முனை என்றே எண்ணியிருந்தேன். கயிற்றை எங்கே கட்டினால் எப்பகுதி மோதும் என்று மறுவாரம் முழுவதும் சோதித்தார்கள். அறிவியல் பாடநூலின் இரண்டு அலகுகள் அதனால் தள்ளிப்போயின, எனக்கு வருத்தமில்லை.

துப்பாக்கி இப்போது இல்லை. தலைமையாசிரியருக்குச் சொன்னபடி, சோதனைகள் முடிந்த அன்றே மாணவர்கள் முன்னிலையில் பிரித்துவிட்டோம். ஐந்து துளை உருளை மட்டும் கணித அறையில் இருக்கிறது. நீரில் ஊறி வீங்கியதால் முன்போல் சுழல்வதில்லை. 72 பாகையைக் காட்ட அதுவே போதும். வடு விழுந்த பலகையைப் பாட்டி ஒருமுறை வந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கல் எத்தனை கிலோ என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.